மெர்வினும் ரைஸ் குக்கரும் வானத்தில் தெரிந்த கதை

மௌனா கியா மலையுச்சியில் இருக்கும் அகச்சிவப்புத் தொலைநோக்கியைத் தன் பிள்ளை என்றே நினைத்திருந்தார் மெர்வின் பச்சேக்கோ. வானத்துத் தூசிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நட்சத்திரங்களை அவற்றின் வெப்பத்தை வைத்தே பிடித்துவிடும் கருவி அது. அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் மெர்வினின் வேலை. மலைக்குக் கீழே ஹீலோ ஊர்க் கடைத்தெருவில் அவர் பேசுவதைக் கேட்டால், நட்சத்திரங்கள் அவரிடம் அனுமதி வாங்கித்தான் உதிக்கின்றன என்று தோன்றும்.

அந்த வேலைக்குத்தான் வேட்டு வைத்தார்கள். இனிக் கருவியை ஹீலோ அலுவலகத்திலிருந்தே கணினியில் இயக்கலாம், சோதனை சரியாக நடந்தால் மலைக்கு ஆளே வேண்டாம் என்று மேலாளர் ட்ரூடி அறிவித்தாள். தான் இல்லாமல் அது அரை மணி நேரம்கூட ஓடாது என்று மனைவி லோர்னாவிடம் அடித்துச் சொன்னார் மெர்வின்.

சொன்னவர் வீட்டில் கிடந்திருக்கலாம். கருவி மக்கர் பண்ணும்போது பக்கத்தில் நின்று காப்பாற்றிப் பேர் வாங்க ஆசை. சோதனை நாளன்று காய்ச்சல் என்று விடுப்பு சொல்லிவிட்டு, திருட்டுத்தனமாக மலையேறிக் குவிமாடத்துக்குள் உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஆள் நின்றால் உடம்புச் சூடே படத்தைக் கெடுக்கும் என்று ஊரையே விரட்டியவர் அவர். தன் உடம்பு மட்டும் அதில் சேர்த்தி இல்லை என்று நினைத்தார் போலும். போதாக்குறைக்கு ரைஸ் குக்கர் வேறு. ஹீலோக்காரனைச் சுடுசாதத்திலிருந்து பிரிக்க எந்தக் குளிராலும் முடியாது.

பொழுது சாய்ந்ததும் கீழே அலுவலகத் திரையில், தூசி மேகத்தின் நடுவே மங்கலாக ஒரு பெரிய ஒளித்திட்டு தெரிந்தது. ஒட்டினாற்போல் சின்னதாக இன்னொன்று. வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. தாயும் சேயுமாக இரண்டு புது நட்சத்திரங்கள் என்று அங்கேயே கட்டுரைக்குத் தலைப்பு யோசிக்க ஆரம்பித்துவிட்டார். ட்ரூடி தொலைநோக்கியை வேறு பக்கம் திருப்பினாள். தாயும் சேயும் கூடவே வந்தார்கள். இன்னொரு பக்கம் திருப்பினாள். அங்கேயும் வந்தார்கள்.

ட்ரூடி உள்ளூர்க்காரி. போனை எடுத்தாள்.

"அங்கிள், எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதாம்மா. காய்ச்சல்."

"உங்க சூடு இங்க திரையில தெரியுது அங்கிள். பக்கத்துல சின்னதா இருக்கே, அது சாதமா?"

கொஞ்சம்தான் வைத்தேன் என்றார் மெர்வின்.

சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே போகச் சொன்னாள் ட்ரூடி. குக்கரைக் கட்டிக்கொண்டு போய் வண்டிக்குள் உட்கார்ந்தார். இப்போதாவது ஏதாவது பழுதாகித் தன்னைக் கூப்பிட மாட்டார்களா என்று கிடந்து தவித்தார். போன் ஒலித்தது.

"நல்லா ஓடுது அங்கிள். நீங்க வெளிய போனதுமே சரியாயிருச்சு."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து, பெற்ற பிள்ளை கைவிட்டதுபோல அழுதார் மெர்வின்.