டர்போ போட்ட காருக்கு எத்தனை மில்லி இன்ஜெக்டர்?

இன்னிக்குக் காலையில அவலூர்பேட்டையிலிருந்து ஒரு புருஷன் பொண்டாட்டி என் செஞ்சி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாங்க. கார் எஞ்சினுக்குக் காத்தை அழுத்தி உள்ள அனுப்புற டர்போ போட்டுட்டாங்க, அதுக்குத் தக்கன பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டரை மாத்தணும். ஆன்லைன்ல வாங்கின நாலு இன்ஜெக்டரை அவர் என் மேஜையில வச்சார். ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு ஐநூத்தம்பது மில்லி பெட்ரோல் விடுற சைஸ்.

"இவ்ளோ பெருசு வேணாம் சார். கரும்புகை தள்ளும். இருநூத்தி நாப்பது போதும்"னேன்.

"பெருசா போட்டா பவர் ஏறாதா பாய்?"

"உள்ள போற காத்துக்குத் தக்கனதான் பெட்ரோல் போகணும்"னு கொஞ்சம் கெத்தாவே சொன்னேன்.

அவர் மனைவி கேட்டாங்க: "இருநூத்தி நாப்பதுன்னு எப்படிண்ணா சொல்றீங்க?"

போன வருஷம் வேற ஒரு காருக்குப் போட்ட சைஸ் அது. அந்தக் காருக்கு டர்போவே இல்ல.

பார்ட்ஸ் வந்த அட்டைப்பெட்டி மேல மூணு பேரும் கணக்கு போட்டோம். எவ்ளோ பவர் வேணும், அதுக்கு எவ்ளோ பெட்ரோல் ஆகும், நாலு இன்ஜெக்டருக்கும் பிரிச்சு, கொஞ்சம் கூடுதலா விட்டுப் பார்த்தோம். முந்நூறு வந்துச்சு.

அவர் கொண்டாந்தது புகைதான் விட்டிருக்கும். நான் சொன்னதைப் போட்டிருந்தா, மிதிச்சு ஓட்டும்போது பெட்ரோல் பத்தாம பிஸ்டனே உருகியிருக்கும்.

அதை அவங்ககிட்டயே சொல்லிட்டேன். அவர் சிரிச்சார். அந்தம்மா சிரிக்கல. "முந்நூறே ஆர்டர் போடுங்கண்ணா"ன்னாங்க.

எங்கிட்ட இதுக்கு முன்னாடி இன்ஜெக்டர் மாத்தினவங்க வண்டியை எடுத்துட்டு வாங்க, சும்மாவே பார்த்துத் தரேன். திட்டணும்னா மட்டும் இங்க கமெண்ட்லயே திட்டிடுங்க. கடையில கஸ்டமர் இருப்பாங்க.