வேப்பிலை சொன்னால் கேட்போம்

தாம்பரத்தில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷம், எங்கள் பாதயாத்திரைக் கூட்டம் தங்கிய மண்டபத்துக்கு ஒரு சுகாதார நர்ஸ் வந்தார். குள்ளமானவர். கோபம் வந்தால் கைக்கடிகாரத்தை முழங்கை வரை ஏற்றிக்கொள்வார்.

எங்களில் ஒரு பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தது. எல்லோரும் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டோம். ஒரு கர்ப்பிணியும் குனிய, நர்ஸ் அவளைப் பிடித்து இழுத்தார்.

"அம்மாவே கூட வர்றாங்க சிஸ்டர், தடுக்காதீங்க," என்றார் எங்கள் தலைவர்.

"அம்மா வந்தா வாசல்ல வேப்பிலை சொருவிட்டு வூட்டோட இருப்பீங்க. இங்க மட்டும் ஊர் ஊரா இட்டுகினு போவீங்களா?" நர்ஸின் கடிகாரம் முழங்கைக்கு ஏறியது.

அம்மை போட்டவளைத் தனியறையில் படுக்கவைத்து, கதவில் வேப்பங்கொத்தைச் செருகினார். அதற்குப்பின் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

"கேட்டுட்டாங்களே சிஸ்டர்," என்றேன்.

"நாலு இலைக்குப் பயப்படறீங்க. நான் தொண்ட கிழிய கத்துனது யார் காதுலயும் ஏறல."

கடிகாரம் இன்னும் முழங்கையிலேயே இருந்தது.