எட்டைத் தாண்டாத மனிதர்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கேயும் அது புழங்கியதில்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிற அம்மா வரை எல்லோருக்கும் அவர் ‘நார்மல்’தான். ‘நார்மல் வந்தாச்சா?’, ‘நார்மல் சாப்பிடப் போயிருக்காரு’ என்றுதான் பேச்சு. பட்டப்பேரைக் கேட்டுப் பெருமைப்படுகிறவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர். இவர் அதில் ஒருவர்.

அந்தப் பேர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய் கிட்னியையும் இதயத்தையும் எப்படிக் கெடுக்கிறது, ஒரு புது மாத்திரையால் அதைத் தடுக்க முடியுமா என்று அந்தக் கூடத்தில் ஆராய்ச்சி. இருநூறு நோயாளிகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் ஒரு நாள் முழுக்கப் போன சிறுநீரைப் பிளாஸ்டிக் கேனில் சேர்த்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பஸ்ஸில் கேனை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர் ‘நல்லெண்ணெயா, என்ன விலை?’ என்று விசாரித்ததாக ஒருத்தர் வந்து சொல்லி, கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறது.

கேனை வாங்கி, அளந்து, அதில் எவ்வளவு புரதம் கசிகிறது என்று மிஷினில் பார்ப்பது நம்மாள் வேலை. வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதும் அவர்தான். ‘கிட்னி ஒரு வடிகட்டி. ரத்தத்துல சர்க்கரை ஏறிக்கிட்டே இருந்தா அதோட ஓட்டையெல்லாம் பெரிசாயிடும். உள்ள நிக்க வேண்டிய புரதம் வெளிய கசியும். வலிக்காது, எரியாது, ஒண்ணும் தெரியாது. கிட்னியில கசிவு ஆரம்பிச்சா இதயத்துக் குழாயும் கெட ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். முப்பதுக்குள்ள இருந்தா பயமில்ல. மேல போனா உடனே மருந்து. காலுல விரல வச்சு அமுக்கிப் பாருங்க, குழி விழுந்தா ஓடி வாங்க.’ இதை ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார்.

மிஷின் சரியாக அளக்கிறதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். அதற்கென்று அளவு தெரிந்த கரைசல் பெட்டி பெட்டியாக வரும். ஒரு வருஷம் பெட்டி வருவது நின்றுபோனது. அங்கே கேட்டார்கள், இங்கே கேட்டார்கள், காரியம் நடக்கவில்லை. கடைசியில் பெரிய டாக்டர், வேலை பார்க்கிற எல்லோரையும் ஆளுக்கொரு சின்னக் கப்பில் சிறுநீர் தரச் சொன்னார். இருப்பதிலேயே சுத்தமாக வந்தது நம்மாளுடையது. புரதம் எட்டு. மறுநாளும் எட்டு. அதற்கு மறுநாளும் எட்டு.

‘இனிமே நீங்கதான் நமக்கு நார்மல்’ என்றார் பெரிய டாக்டர்.

அன்றிலிருந்து காலையில் வந்ததும் முதல் வேலை, தன்னுடையதை மிஷினில் வைப்பது. எட்டு வந்தால் மிஷின் சரி. ஒன்பது, பத்து என்று காட்டினால் மிஷின் ஏற்றிச் சொல்கிறது என்று அர்த்தம். மிஷின் காட்டுவதைப் பெருக்குவதற்குத் திருத்த எண் என்று ஒன்று உண்டு, உடனே அதைக் கொஞ்சம் குறைத்து, எட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு மற்றவர்களுடையதை அளப்பார். திருத்திய எண்ணை நோட்டில் அழகாக எழுதி வைப்பார். முதல் வருஷம் திருத்த வேண்டியதே வரவில்லை. அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை வந்தது. அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை.

‘மிஷினுக்கு வயசாயிடுச்சு. எனக்குத்தான் ஆகல’ என்பார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள்.

அந்த இருநூறு பேரில் ஒருத்தி அவருடைய தங்கச்சி. அவரே கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கச்சி வீட்டு மாடியில் ஒரு அறையில் இருந்துகொண்டு, அவள் கையால் சாப்பிட்டு, அவளிடமே வாங்கிக் கட்டிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறவர். அவள் தையல் கம்பெனியில் இஸ்திரி போடுகிற இடத்தில் வேலை பார்த்தாள். அவளுடைய சீட்டு ஒவ்வொரு தடவையும் இருபத்து நாலு, இருபத்தைந்து, இருபத்தாறு என்றே வரும். ‘முப்பதுக்குள்ள. உனக்கென்ன, ராணி மாதிரி இரு’ என்று அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். அவள் சீட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைப்பாள்.

போன வருஷம் ஒருநாள் சோறு போடும்போது அவள் காலை நீட்டிக் காட்டினாள்.

‘அண்ணா, இங்க பாரேன். வீங்கியிருக்கு. அமுக்குனா குழி விழுது.’

‘நாள் முழுக்க நின்னுக்கிட்டு வேல பாத்தா வீங்காம என்ன செய்யும்? போன வாரந்தான அளந்தேன், இருபத்தாறு. பேசாம குழம்ப ஊத்து.’

ஆயிரம் பேருக்குப் படித்துப் படித்துச் சொன்ன அதே குழிதான். அந்த மனுஷனை என்ன செய்தால் தகும்? ஆனால் அவர் அலட்சியக்காரர் இல்லை. காலை நம்புவதா சீட்டை நம்புவதா என்று வந்தபோது, தன் கையால் அளந்ததை நம்பினார். அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து, ஒரு முற்பகலில், இஸ்திரி மேஜையிலேயே அவள் மூச்சு வாங்கிச் சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்த கிட்னி டாக்டர், இரண்டு கிட்னியும் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றார். இவர் அந்தப் பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு சண்டைக்கே போய்விட்டார்.

‘பத்து சீட்டு இருக்கு டாக்டர். நானே அளந்தது. உங்க லேப்லதான் ஏதோ தப்பு.’

அந்த டாக்டரம்மா சீட்டுகளைப் பொறுமையாகப் பார்த்தார். ‘எனக்கும் புரியல. ஆனா உங்க தங்கச்சி உடம்பு இந்தச் சீட்டப் படிச்சுப் பாக்கல’ என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘இதயமும் தளந்துபோயிருக்கு. டயாலிசிஸ் செஞ்சா அவங்களால ரொம்ப நாள் தாங்க முடியாது. கிட்னி மாத்துறதா இருந்தா சீக்கிரம் மாத்தணும். இன்னும் தள்ளிப்போனா இதயம் ஆபரேஷனுக்கே இடம் குடுக்காது’ என்றார்.

தங்கச்சி புருஷனுக்கும் சர்க்கரை. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். கூடப் பிறந்தது இவர் ஒருவர். யோசிக்கவே இல்லை. ‘நான் தரேன்’ என்றார்.

கட்டிலில் சாய்ந்திருந்த தங்கச்சி மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். ‘எங்கண்ணன டெஸ்ட் பண்ண வேற வேணுமா டாக்டர்? அவரு பேரே நார்மல்.’

அந்த வார்டு முழுக்க அவள் சொல்லிவிட்டாள். அடுத்த கட்டில் அம்மாளுக்கு, ஊசி போட வருகிற நர்ஸுக்கு, தட்டு எடுக்க வருகிறவளுக்கு. எங்கண்ணன் தரப்போறாரு.

மூன்று நாள் கழித்து டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

‘உங்களுக்கு எத்தன வருஷமா சுகர்?’

‘எனக்கா? எனக்கு ஏது டாக்டர்?’

‘கடைசியா எப்பப் பாத்தீங்க?’

வேலைக்குச் சேர்ந்தபோது பார்த்தது. அதற்கப்புறம் நார்மலுக்கு எதற்கு டெஸ்ட் என்று யாரும் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. டாக்டர் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார். புரதம் என்று போட்ட வரியில் முதலில் எட்டுதான் அவர் கண்ணில் பட்டது. அப்பாடா என்று இருந்தது. பிறகுதான் அதை ஒட்டி ஒரு நாலு இருப்பதைப் பார்த்தார். எண்பத்து நாலு.

‘இதயச் சுவரும் தடிச்சிருக்கு. உங்ககிட்டயிருந்து எடுக்க முடியாது. முதல்ல நீங்க வைத்தியம் பாத்துக்கணும்’ என்றார் டாக்டர். அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. தினமும் காலையில் எட்டு காட்டிய ஆள் எண்பத்து நாலு. அப்படியென்றால் மிஷினுக்கு என்ன ஆயிற்று?

மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய் நோட்டை எடுத்தார். திருத்த எண் ஒன்றில் ஆரம்பித்திருந்தது. பிறகு முக்காலாகி, பாதியாகி, காலாகி, இப்போது பத்தில் ஒரு பங்குக்கு வந்து நின்றது. ஐந்து வருஷம். ஒவ்வொரு தடவையும் ஒரு துளிதான் குறைத்திருக்கிறார். மிஷின் தினமும் உண்மையைச் சொல்லியிருக்கிறது. நீ கெட்டுக்கொண்டிருக்கிறாய் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறது. அவர் அதன் வாயை அடைத்து அடைத்து எட்டு சொல்ல வைத்திருக்கிறார். அந்த அடைத்த வாயால்தான் இருநூறு பேருக்கும் அது பதில் சொல்லியிருக்கிறது.

பென்சிலை எடுத்துத் தங்கச்சியின் சீட்டுகளைத் திருப்பிக் கணக்குப் போட்டார். கடைசி இருபத்தாறு, இருநூற்று அறுபது. மூன்று வருஷத்துக்கு முந்தைய இருபத்து நாலு, நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டில் பிடித்திருந்தால் மருந்து இருந்தது. கிட்னி நின்றிருக்கும். பென்சில் கையிலேயே இருந்தது, அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

எதிர்ச் சுவரில் பெரிய டாக்டர் ஒட்டி வைத்த படம் இருந்தது. புது மாத்திரை சாப்பிடுகிறவர்களின் புரதக் கசிவு வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே போகிற கோடு. அதை ஒட்டிய அன்று கைதட்டி இனிப்பு கொடுத்தார்கள். அவரும் இரண்டு எடுத்துத் தின்றார்.

பெரிய டாக்டரிடம் நோட்டைக் கொண்டுபோய் வைத்துச் சொன்னார். பெரிய டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். திட்டுவார் என்று இவர் நின்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ‘நானுந்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்’ என்று மட்டும் சொன்னார். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு போனை எடுத்துவைத்துக்கொண்டு, நோயாளிகளைப் பட்டியல்படி கூப்பிட ஆரம்பித்தார்கள். மூன்றாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். அப்பா மாரடைப்பில் போய் நாலு மாதமாகிறது என்றாள். ‘கடைசி சீட்டுகூட நல்லா இருந்துச்சே சார்’ என்றாள்.

சாயங்காலம் அவர் வார்டுக்குப் போனபோது தங்கச்சி தலை வாரி உட்கார்ந்திருந்தாள். அடுத்த கட்டில் அம்மாள், ‘வந்துட்டாரு உன் அண்ணன்’ என்று சிரித்தபடி நகர்ந்து உட்கார்ந்தாள்.

‘எப்ப ஆபரேஷன்?’ என்றாள் தங்கச்சி.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கப்பு, எட்டு, திருத்த எண், நாற்பத்தெட்டு, எண்பத்து நாலு. எதையும் ஒளிக்கவில்லை. அடுத்த கட்டில் அம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் முடித்ததும் தங்கச்சி, ‘கால மேல தூக்கி வை’ என்றாள்.

‘எதுக்கும்மா?’

‘வையேன்.’

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் கட்டில் விளிம்பில் வைத்தார். அவள் குனிய முடியாமல் குனிந்து, கணுக்காலுக்கு மேலே கட்டை விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது.

‘எத்தன நாளா இப்படி?’

‘நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேல பாக்குறேன்ல...’ என்று ஆரம்பித்தவர், என்ன சொல்கிறோம் என்று தெரிந்து பாதியில் நிறுத்தினார்.

குழி மேலே வர நேரம் பிடித்தது. அண்ணனும் தங்கச்சியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.