நாலு வீதியும் என் வீம்பும்

‘வீட்டோட மாப்பிள்ளை’ என்று என்னைப் பார்த்து எவனும் சொல்லிவிடக் கூடாது. அறுபதுகளின் தொடக்கத்தில், முப்பது வயதில், எனக்கு இருந்த பெரிய கவலை இதுதான். அந்த வீம்பால் எனக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை. வீணாய்ப் போனவன் என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எனக்குக் கல்யாணம் ஆனபோது அவனுக்கு இருபத்து நாலு வயது. ஆள் வாட்டசாட்டமாக இருப்பான், ஆனால் உடம்பு வளர்ந்த அளவுக்கு மூளை வளரவில்லை. எண்ணத் தெரியாது. எழுத்து தெரியாது. பேசுகிற வார்த்தைகள் மொத்தம் பத்துப் பன்னிரண்டு இருக்கும், அதில் ‘மாமா’ என்று என்னைக் கூப்பிடுவதும் ஒன்று. ஆனாலும் சிதம்பரத்தில் கோவிலைச் சுற்றியுள்ள நான்கு தேர்வீதியிலும் அவனுக்கு வேலை இருந்தது. பட்டப்படிப்பு முடித்த எனக்குக் கடலூரில் ஒரு குமாஸ்தா நாற்காலி மட்டும்தான்.

அந்த வேலையை அவனுக்கு உண்டாக்கியவள் என் மாமியார். கணவனை இழந்தவள், நாலாம் வகுப்பைத் தாண்டாதவள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடமோ ஆபீஸோ எங்கள் பக்கம் இருந்ததாக அப்போது நான் கேள்விப்பட்டதில்லை. அவள் தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். வீடு மேலவீதியில். வாசலில் இறங்கினால் கோவில் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். அப்படியே நடந்தால் வடக்குவீதி, கீழவீதி, தெற்குவீதி, மறுபடி மேலவீதி, வீடு. மூலை வந்தால் வலது பக்கம் திரும்பு, அவ்வளவுதான். எவ்வளவு குழம்பினாலும் கடைசியில் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பான்.

இதைச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு இரண்டு வருஷம் ஆனதாம். முதலில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு இரண்டடி பின்னால் நடந்தாள். பிறகு ஒவ்வொரு மூலையிலும் போய் நின்றுகொண்டாள். கடைசியில் வீட்டு வாசலோடு நின்றுகொண்டாள். அதற்கப்புறம் கடை கடையாக ஏறி வேலை கேட்டாள். காப்பித்தூள் கடையிலிருந்து ஓட்டலுக்கு, பூக்கடையிலிருந்து நாலைந்து வீடுகளுக்கு, கீழவீதித் தையற்கடையிலிருந்து தைத்த துணி. கடைக்காரர்களுக்கு அவள் போட்ட உத்தரவுகளை என் மனைவி அப்படியே ஒப்பிப்பாள். “ஒரு தடவைக்கு ஒண்ணுதான் குடுங்க. ரெண்டு குடுத்தா முழிப்பான். தப்பா குடுத்துட்டு வந்தா திட்டித் திருப்பி அனுப்புங்க. அவனுக்குப் பதிலா நீங்க எடுத்துட்டுப் போயி மட்டும் குடுத்துடாதீங்க.”

ஒரு சங்கடம், அவன் திரும்பி நடக்க மாட்டான். பூக்கடைக்கு இரண்டு வீடு பின்னால் தர வேண்டிய பூ, நான்கு வீதியையும் சுற்றிக்கொண்டுதான் போய்ச் சேரும். அந்த வீட்டம்மாள் விளக்கேற்றிவிட்டுக் காத்திருப்பாள். கிண்டல் செய்வார்கள், ஆனால் பூவை அவனிடமேதான் கொடுத்தனுப்பச் சொல்வார்கள். தேர் ஓடுகிற நாளில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு ஊரே அவன் போகிற பக்கமாக நடக்கும்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் மாமியார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த மறுநாள் என் மனைவி கேட்டாள்.

“நாம இங்கியே வந்துடலாங்க. உங்க ஆபீஸ்ல பாதிப் பேரு சீசன் டிக்கெட்லதான வர்றாங்க.”

அது உண்மை. என் பக்கத்து நாற்காலிக்காரரே தினமும் சிதம்பரத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். “மாமியார் வூட்டுல வந்து குந்திக்கினான்னு ஊர் சிரிக்கவா?” என்றேன்.

“மாமியாரே இல்லியே, இப்ப யாரு சிரிக்கப் போறாங்க?”

நான் பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போனேன். பதில் இல்லாதபோது எழுந்து போவது என் வழக்கம்.

தையற்கடை பாய் என்னைத் தேடி வந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், சிதம்பரத்தில் கடை வைத்து வெகுகாலம் ஆனவர். “மாப்ள, தம்பிய இங்கியே வுட்டுட்டுப் போங்க. படுக்க என் கடை இருக்கு. சோத்துக்கு முறை வச்சிக்கறோம்னு நாலு வீதிக்காரங்களும் பேசிட்டோம். நீங்க ஞாயித்துக்கெழம வந்து பாத்தாப் போதும்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் மச்சான் முறைச்சோறு சாப்பிடுவதா? “அவன் அனாதை இல்லீங்க பாய். அக்கா இருக்கா, நான் இருக்கேன்” என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. “நாங்க அப்படிச் சொல்லல மாப்ள” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் பேசியது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடலூரில் எங்கள் வாடகை வீடு மஞ்சக்குப்பத்தில் ஒரு சந்தில் இருந்தது. மச்சானுக்குப் புதுச்சட்டை எடுத்துக் கொடுத்தேன், கட்டில் வாங்கிப் போட்டேன். முதல் இரண்டு வாரம் வாசலில் நின்று வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வாரம், நான் ஆபீஸில் இருந்தபோது, இறங்கி நடந்துவிட்டான். அவனுக்குத் தெரிந்த மாதிரிதான் நடந்திருக்கிறான். மூலை வந்த இடத்திலெல்லாம் வலது பக்கம் திரும்பியிருக்கிறான். சிதம்பரத்தில் அது வீட்டில் கொண்டுவந்து விடும். இங்கே ஒரு திருப்பத்துக்கப்புறம் மூலையே வரவில்லை, நெல்லிக்குப்பம் சாலை நேராகப் போய்க்கொண்டே இருந்தது. அவனும் போய்க்கொண்டே இருந்தான்.

மறுநாள் பத்து மணிக்குத்தான் கண்டுபிடித்தோம். நெல்லிக்குப்பத்தில் ஆலைக்குக் கரும்பு ஏற்றி வந்து வரிசையில் நின்ற மாட்டுவண்டி ஒன்றில் உட்கார்ந்திருந்தான். வண்டிக்காரர் கஞ்சி கொடுத்து, காலில் கிழிந்த இடத்துக்குத் துணி சுற்றியிருந்தார். என்னைக் கண்டதும் ‘மாமா’ என்றான். சத்தியமாகச் சொல்கிறேன், அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த அழுகை உண்மையானது. அதற்கப்புறம் நான் செய்ததுதான் தப்பு. வாசல் கதவுக்கு அவனுக்குத் திறக்கத் தெரியாத ஒரு பூட்டுத் தாழ்ப்பாள் அடித்தேன். வெளியே போவதானால் என்னோடு, என் கையைப் பிடித்துக்கொண்டு. என் மனைவி இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தாள். “அம்மா மாதிரி நான் சொல்லிக் குடுக்கறேன். இந்த ஊருக்கு வேற வழி கண்டுபுடிக்கலாம். கொஞ்ச நாளு அவன் பின்னால நடந்தாப் போதும்.”

“பொம்பள தெருத்தெருவா அவன் பின்னால அலையறதா? ஆபீஸ்காரன் பொண்டாட்டின்னு ஞாபகம் இருக்கட்டும்.”

அவள் அப்புறம் கேட்கவே இல்லை. மச்சானும் போகப்போகக் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டான். நான் அவனுக்கு ஷேவ் செய்துவிட்டேன், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன், சோற்றைப் பிசைந்துகூட வைத்தேன். இதெல்லாம் அவன் சிதம்பரத்தில் தானே செய்துகொண்டிருந்தவன். ‘மச்சானைக் குழந்தை மாதிரி பாத்துக்கறாரு’ என்று அக்கம்பக்கத்தில் என்னைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்கு வேண்டியிருந்தது. ஒரு வளர்ந்த ஆம்பளையைக் குழந்தையாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைக்கவில்லை.

நான்கு வருஷம் கழித்து எனக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. சர்க்கார் அனுப்பி நான் போகிறேன், இனி எவன் என்ன சொல்ல முடியும்? பழைய வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டது. வடக்குவீதியில் வாடகைக்குப் பிடித்தேன். பெட்டி படுக்கையை இறக்கியபோது என் மனைவி முகத்தில் பல நாள் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன். இவ்வளவு சுலபமா என்று எனக்கே நிம்மதியாக இருந்தது. மறுநாளிலிருந்து பழையபடி நடப்பான், கடைக்காரர்கள் இருக்கிறார்கள், வீதி இருக்கிறது.

மறுநாள் அவன் நடக்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது, உள்ளே உட்கார்ந்திருந்தான். பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று காலையில் கையைப் பிடித்து ஒரு சுற்று அழைத்துப் போனேன். பத்து நாள் அப்படிப் போனோம். பூக்கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஓட்டல்காரர் இட்லி கொடுத்தார். எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். என் கையை மட்டும் விடவில்லை.

பதினோராம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவியும் எங்களோடு வந்தாள். கீழவீதியில் தையற்கடை வாசலில் பாய் ஒரு துணிப் பொட்டலத்தை அவன் கையில் வைத்தார். “தெக்குவீதி டாக்டர் வூட்டுக்கு. போயிட்டு வா தம்பி.” நான் மெதுவாகக் கையை உருவிக்கொண்டு, பத்தடி தள்ளி அவளோடு நின்றுகொண்டேன்.

அவன் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். கோவில் அவனுக்கு வலது கைப்பக்கம். எதிரே வீதி காலியாகக் கிடந்தது, வெயில்கூட ஏறவில்லை. ஒரு தரம் காலைத் தூக்கப் போனான், பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தான். “போ மச்சான்” என்றேன். சிரித்தான். “போடா, டாக்டர் வூட்டுக்கு” என்று பாய் சொன்னார். அவரைப் பார்த்தும் சிரித்தான். கால் மணி நேரம் இருக்கும். பொட்டலத்தைப் பிடித்திருந்த கை வலித்திருக்க வேண்டும், கையை மாற்றிக்கொண்டான். அடி எடுத்து வைக்கவில்லை. பாய் கடைக்குள் போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டார். ஆனால் மெஷின் ஓடவில்லை.

என் மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னாள். “எங்கம்மா ரெண்டு வருசம் நடந்து நடந்து சொல்லிக் குடுத்தாங்க. நீங்க நாலு வருசத்துல மறக்கடிச்சிட்டீங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இந்தத் தடவை எழுந்து போக எனக்கு இடமில்லை.

நான் போய் அவன் கையைப் பிடித்தேன். பிடித்த உடனே நடந்தான்.