எனக்கு வாந்தி வராது

காரில் ஏறினால் எனக்கு வாந்தி வராது. நாற்பது வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் ஒருவரும் நம்புவதாக இல்லை. போன மாதம் என் மகள் கொண்டாப்பூரில் புதுக் கார் எடுத்தாள். ஷோரூம் வாசலைத் தாண்டுவதற்குள் என் மடியில் ஓர் எலுமிச்சம்பழம், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. "டாடி, சீட் ஜாக்ரத்த!" என்று தெலுங்கில் எச்சரிக்கை வேறு. முன் சீட்டில் என் மாமா. எழுபதைத் தாண்டியவர், சொந்தமாக ஒரு கார்கூட வாங்காதவர். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்கப்பனுக்குச் சின்ன வயசுலேருந்தே கார் ஒத்துக்காதும்மா" என்றார்.

அந்த வியாதியை எனக்குக் கொடுத்ததே அவர்தான்.

அப்போது நாங்கள் மாரெட்பள்ளியில் குடியிருந்தோம். மாமா, அம்மாவின் தம்பி, சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா, எங்களோடுதான் இருந்தார். தெருமுனையில் பழைய கார்களை விற்றுக்கொடுக்கும் தரகர் ஒருவர் உண்டு. பாய் என்று கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா அவரிடம் போய், "குடும்பத்தோட உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாத்தான் பாய் வண்டி தெரியும்" என்பார். பாயும் நம்பி, சாவியோடு வந்து ஏறிக்கொள்வார். அப்படித்தான் நாங்கள் சர்ச்சுக்குப் போனோம். ஒரு கல்யாணத்துக்குப் போனோம். ஒருமுறை அரிசி மூட்டைகூட வந்து இறங்கியது.

திரும்பி வந்ததும் வண்டி வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. அது நான். வண்டி நின்றதும் மாமா தொண்டையைச் செருமுவார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வாந்தி வருது மாமா" என்று சொல்ல வேண்டும். பெட்ரோல் வாடை பிள்ளைக்கு ஆகவில்லை என்று மாமா வருத்தப்படுவார். பாய் தலையில் அடித்துக்கொண்டு, "என்ன சாப், இந்த வண்டியும் நக்கோவா, வேணாமா?" என்பார். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற பையன் நான். என்னைப் போய் இந்த வேலைக்கு வைத்தார் மனிதர். வாந்தி நடிப்பென்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நிஜமென்றே நம்பி எனக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். தெருப் பையன்கள் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

பிறகு அந்தப் பச்சைக் கார் வந்தது. ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒரு தமிழர் தன் காரை விற்பதாகப் பாய் சொன்னார். மாமா அந்த வாரமே மூன்று தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஞாயிறு காலையில் இஸ்திரி போட்ட சட்டை. பையில் பின் அடித்த பழுப்புக் கவர் ஒன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கார் வாங்கப்போறவன் மூஞ்சியைப் பாரு. இன்னைக்கு ஊர்வலம் எங்கே?" என்றாள் அம்மா.

"நீ வந்து உட்காருக்கா. அப்புறம் பேசு."

அன்றைக்குச் சர்ச் இல்லை, அரிசி மூட்டை இல்லை. காரின் சொந்தக்காரப் பெரியவரைப் பக்கத்திலும் எங்களையும் பாயையும் பின்னாலும் உட்காரவைத்து, தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் போவதுபோல மாமா வண்டியை ஓட்டினார். ஒரே ஒரு சுற்று. பெரியவர் வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. மைதானத்தில் கிரிக்கெட் தொடங்கியிருப்பார்கள். மாமா செருமவே இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அவருக்கு உதவியாக இருக்கட்டுமே என்று, வழக்கத்தைவிட உரக்கவே சொன்னேன்: "மாமா! வாந்தி வருது!"

பெரியவர் பதறி இறங்கி, கதவைத் திறந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹவ் சாப், ஆமா, இந்தப் பையனுக்கு எந்த வண்டியும் ஆகாது. ஆறு வண்டி பார்த்தாச்சு" என்றார் பாய்.

"அடப்பாவமே. பிள்ளைக்கு ஒத்துக்கலைன்னா எப்படி தம்பி? சாயங்காலம் இன்னொருத்தர் வர்றேன்னிருக்கார். அவருக்கே கொடுத்துடறேன்" என்றார் பெரியவர்.

"ஆமாங்க, வேணாம்" என்றாள் அம்மா. "இவனுக்கு எப்பவும் இப்படித்தான்."

மாமா வாயைத் திறந்தார். மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"ஆமா சார், அவனுக்கு ஒத்துக்காது" என்று சாவியை நீட்டினார்.

வரும் வழியில் பெட்டிக்கடையில் எனக்கு ஒரு கோலி சோடா வாங்கச் சொல்லிவிட்டு அம்மா முன்னால் நடந்தாள். மாமாவிடம் சில்லறை இல்லை. கவரின் பின்னைப் பிரித்து ஒரு நோட்டை எடுத்தார். "சோடாவுக்கு நூறு ரூபாயா?" என்று கடைக்காரர் முணுமுணுத்தார்.

"கரெக்டா சொன்னேனா மாமா?" என்று காதோடு கேட்டேன்.

மாமா சோடாவை என் கையில் கொடுத்தார். "கரெக்டா சொன்னடா" என்றார். "இனிமே சொல்ல வேணாம்."

ஒருவழியாக என்னை அந்த வேலையிலிருந்து விட்டுவிட்டார் என்று சந்தோஷமாக இருந்தது. கவருக்குள் எட்டிப் பார்த்தேன். கட்டுக் கட்டாக நோட்டு. இவ்வளவு வைத்துக்கொண்டு ஒரே ஒரு சோடா வாங்குகிறாரே என்றுதான் எரிச்சல் வந்தது.