பழசு என்று சொல்லாத டூல்

அன்று காலை சுவிஸின் லாங்கன்தாலில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டிய மருந்துப் பெட்டிகள் லுசேர்ணில் போய் இறங்கின. அவற்றில் இன்சுலினும் இருந்தது. ஒரு சாரதி வண்டியை அவசரமாக ஓட்டி, மத்தியானத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

2010களின் தொடக்கம் அது. ஓல்டனில் ஒரு பொதி அனுப்பும் நிறுவனத்தில் நான் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். லேபிள்களுக்கான ஊர்க் குறியீடுகளை எங்கள் டெவலப்பர்கள் டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்து அச்சடிக்கும் இடத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் கட்டளையை இயக்கும் டூல் நான் எழுதியது. சில ஊர்களை மாற்றிப் போடும் பிழை ஒன்று அதில் இருந்தது. திருத்திப் புது வெர்ஷன் வெளியிட்டு, எல்லோருக்கும் மெயிலும் போட்டிருந்தேன். ஆனால் அதற்கு முதல்நாள் ரெஜினா அக்கா ஓட்டியது பழைய வெர்ஷன்.

அக்கா மன்னாரைச் சேர்ந்தவர். பிள்ளைகள் வளர்ந்தபின் படித்து இந்த வேலைக்கு வந்தவர். வேலையில் தகுதிகாண் காலம்கூட முடியவில்லை. மேலாளர் மார்கூஸ் அவரிடம் ஜெர்மனில் கேட்டார்:

"மெயில் வந்ததா, இல்லையா?"

"வந்தது."

"அப்படியானால் உங்களைத் தொடர்ந்து வைத்திருப்பதா என்று நான் யோசிக்கவேண்டும்."

பக்கத்தில் இருந்த நான் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கோப்பி மெஷினடியில் அக்காவிடம் போனேன். "நான் மெயில் போட்டனான் அக்கா."

"ஓம் தம்பி, நாளுக்கு எத்தினை மெயில் வருது? நான் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னாலதானே இருக்கிறன். பழசெண்டு அதிலயே சொல்லியிருக்கலாமே?"

அவர் கேட்டது சரி. நேரே மார்கூஸின் அறைக்குப் போய், "பிழை என்னுடையது. அறிக்கையில் என் பெயரைப் போடுங்கள்" என்றேன். அவர் அப்படியே போட்டார். அக்காவின் வேலை தப்பியது.

அந்த வாரமே, டூல் ஓடும்போதெல்லாம் புது வெர்ஷன் இருக்கிறதா என்று சேர்வரிடம் கேட்கும்படி எழுதினேன். ஒரு நாள் சேர்வர் செயலிழந்தது. அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, உம்மட டூல் கேட்டுக்கொண்டே நிக்குது. என்ர வேலையும் நிக்குது!"

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து மாற்றினோம். நாளுக்கு ஒருமுறை மட்டும் பின்னணியில் பார்க்கும். பதில் வராவிட்டால் பேசாமல் விட்டுவிடும். பழசென்றால் வேலை முடிந்தபின் மஞ்சளில் இரண்டே வரி: என்ன மாறியது, புதுப்பிக்க எதை அடிக்கவேண்டும். ஆபத்தான பிழையுள்ள வெர்ஷன் என்றால் மட்டும் ஓட மறுக்கும். அந்த வசனங்களை எழுதியது அக்காதான்.

"பயனர் கவனிக்கவில்லை" என்று எழுதக் கை போகும்போது, அவர் பார்க்கும் இடத்தில் சொன்னோமா என்று முதலில் கேட்டுப்பாருங்கள். எனக்கு அது புரிய இன்னொருவரின் வேலை போகப் பார்த்தது.

சில வருடங்களில் அந்த டூல் அக்காவின் பொறுப்புக்குப் போனது. நான் அங்கிருந்து விலகிய வாரம் என் திரையிலும் அந்த மஞ்சள் வரிகள் வந்தன. அடுத்த மேசையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, இன்னும் பழசோ?"

அந்த வரிகள் சொன்ன கட்டளையை அடித்தேன்.