நங்கூரம் போடாத கதாநாயகன்

ஞாயிறு மத்தியானம் மகள் தொலைக்காட்சியில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கதாநாயகன் நடுக்கடலில் வள்ளத்தை மிதக்க விட்டுவிட்டுப் பாடத் தொடங்கியதும், முல்லைத்தீவில் எங்கள் பழைய வீட்டு ஜெனரேற்றர் என் காதுக்குள் இரைந்தது.

அப்பா கடற்றொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகமாட்டார். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அயலட்டை முழுக்க எங்கள் வீட்டில் கூடிவிடும். மின்சாரம் இல்லாத ஊரில், ஜெனரேற்றரின் மண்ணெண்ணெய் மணத்தோடு படம் ஓடும். திரையில் கடல் வந்துவிட்டால் அப்பாவுக்குக் காதலும் தெரியாது, கண்ணீரும் தெரியாது.

“நங்கூரம் போடாமல் பாடுறான். வள்ளத்தை நீரோட்டம் கொண்டுபோகப் போகுது.”

“பேசாமல் பாருங்கோவன்,” என்பார் அம்மா.

“வலையில ஒரு பொத்தல்கூட இல்லை. இவன் எங்க கடலுக்குப் போனவன்?”

ஒருநாள் கடற்கரையில் கதாநாயகி செத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, அப்பா துள்ளி எழும்பினார்.

“அந்தா, கட்டாத வள்ளம் போகுது!”

அம்மா அவரை ஜெனரேற்றருக்குக் காவலாக முற்றத்துக்குத் துரத்தினார். ஐந்து நிமிடம் ஆகவில்லை, படம் நின்றது. சனம் கத்தியது. அப்பா வாசலில் வந்து நின்றார்.

“வள்ளத்தை ஆரும் பிடிச்சவையோ? சொன்னால்தான் போடுவன்.”

“ஓம், பிடிச்சாச்சு,” என்று அம்மா கண்ணிமைக்காமல் பொய் சொன்னார். அப்பா நிம்மதியாகப் போய் ஜெனரேற்றர் கயிற்றை இழுத்தார்.

நான் கணக்கு வாத்தியார். அலையைக் கண்டாலே எனக்குத் தலை சுற்றும். ஆனாலும் இன்று மகளின் படத்தைப் பார்த்து வாய் சும்மா இருக்கவில்லை.

“பிள்ளை, அவன் நங்கூரம் போட்டவனோ?”

மகள் திரும்பியும் பார்க்கவில்லை.

“ஓம் அப்பா, போட்டவன்.”

அச்சு அசல் அம்மாவின் குரல். திரையில் வள்ளம் தன்பாட்டில் மிதந்து போய்க்கொண்டிருந்தது.